உலர் அறையில் ஆறு சட்டைகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ரசாயனக் கரைப்பானில் தண்ணீர் கலக்கவில்லை. இன்று காலை 9.40க்கு இதை உறுதி செய்தவர் என் மகள், அதாவது உங்கள் மருமகள். ஆய்வகக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாகச் சொன்னாள். நான் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக, முடிந்தால் கோபமில்லாமல், இருக்க வேண்டுகிறேன்.

என் மகளும் உங்கள் மகனும் டி.என்.ஏ. இழைகளைச் செயற்கையாகச் செய்கிறார்கள். மணி கோப்பது போல, 'எழுத்து' என்று அவர்கள் சொல்லும் நான்கு வகை ரசாயனத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி. பிறவி நோய் ஆராய்ச்சிக்கு அவை ஆயிரக்கணக்கில் தேவை. வெளியே விற்கும் விலையில் வாங்கினால் பத்துக் குழந்தைகளின் நோயை ஆராய்வதற்குள் பணம் தீர்ந்து ஆராய்ச்சியே நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறோம் என்று நம் பிள்ளைகள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் எழுத்து ஒட்டாது என்பதால் அறையையே உலர்த்தி வைத்திருந்தார்கள், வெளியே மூன்று வாரமாக அடைமழை, என்னிடம் இருப்பது ஆறு சட்டை, ஆறும் ஈரம், மதியம் இருவரும் சாப்பிடப் போனால் அறை சும்மாதானே கிடக்கிறது என்று உள்ளே தொங்கவிட்டேன், ஆளில்லாமலும் இயந்திரம் கோத்துக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது, நூறு இழைக்கு அறுபது பாழ், மாப்பிள்ளை "எங்கப்பா சரக்குலதான் கோளாறு" என்று முடிவு கட்டி உங்களைக் கேட்க, "எனக்கே பாடமா?" என்று நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

நேற்று மகள் பாதிச் சாப்பாட்டில் திரும்பி வந்துவிட்டாள்.

"அப்பா, இது என்ன?"

"சட்டைம்மா."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"காயுது."

"மூணு வாரமா மாமா தலையை உருட்டுறோம். நிருபரா இருந்தவர்தானே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சட்டையைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா."

சட்டைகளை எடுத்த பிறகு, அதே கரைப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இழை சரியாக வந்தன. மன்னித்துவிடுங்கள். மகனோடு பேசுங்கள். இனி அந்த அறை வாசலை மிதிக்கமாட்டேன், இது சத்தியம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். ஈரம் எந்த வழியாக உள்ளே போனது என்று தேடியதில், இயந்திரத்தில் மாட்டியிருக்கும் கரைப்பான் பாட்டிலின் மூடியில் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம் அகப்பட்டதாம். மாற்றியாகிவிட்டது. "மூடி இறுக்கமா இருந்தா அறையை உலர்த்தவே வேண்டாம்போலப்பா. விலை இன்னும் இறங்கும். நாளைக்கு மதியம் ஆறு சட்டையும் தொங்கணும். நல்லா நனைச்சு." ஈரச் சட்டைகளுக்கு நடுவே கோக்கும் அந்த இழைகள் தேறுமா என்று ஆராய்ச்சி நிலையம் சோதித்துச் சொல்ல வேண்டும். முடிவு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு.