உப்புக் குவியலுக்குப் பீரங்கிக் காவல்

மணிவண்ணனின் உப்புக் குவியல் மேல் மட்டும் காக்காய்கள் ஏன் கூட்டமாக வந்து உட்காருகின்றன என்பது மரக்காணம் உப்பளத்தில் யாருக்கும் விளங்கவில்லை. சுற்றிலும் இதேபோல் கீற்று மூடிய குவியல்கள்தான். அங்கெல்லாம் ஒன்றுகூட இல்லை. இவன் குவியலில்தான் தினமும் மாநாடு. கீற்றைப் பிய்த்து, வெள்ளை உப்பெங்கும் எச்சம் போட்டுவிட்டுப் போயின. போன மாதம் வியாபாரியின் லாரி அதைப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது. வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறது. இந்தத் தடவையும் திரும்பினால் அடுத்த பருவத்துக்குக் குத்தகை கிடையாது.

"பீரங்கிதான் சரி," என்றான் மணிவண்ணன். கூனிமேட்டில் ஒருவர் பன்றி விரட்ட வைத்திருந்த வெடிக்குழாயைத்தான் அப்படிச் சொன்னான்.

"ராக்கெட்டு வுடலாம்ணா," என்றான் கூட வேலை செய்யும் ஜான்சன். "தீபாவளி மிச்சம் எங்கூட்டாண்ட கெடக்குது."

மணிவண்ணன் பொறுமையாக விளக்கினான். பீரங்கிக்கு வாங்கும்போதுதான் செலவு. பிறகு ஒவ்வொரு வெடியும் ஏறக்குறைய சும்மா. ராக்கெட்டுக்கு ஒரு காலி பாட்டில் போதும், ஆனால் விட்டது விட்டதுதான். அதுவும் எங்கே போய் விழும் என்பதைக் கடல்காற்றுதான் முடிவு செய்யும்.

"ராக்கெட்டுன்னா ஒரே நேரத்துல பத்து வுடலாம். உன் பீரங்கி ஒண்ணு வெடிச்சுட்டு மூச்சு வாங்கும். அதுக்குள்ள காக்கா வந்து உக்காந்து, அடுத்தது எப்பன்னு கேக்கும்."

வாதம் முடிவதற்குள் பசி வந்தது. மணிவண்ணன் வழக்கம்போல் செத்துப்போன அப்பாவை நினைத்து முதல் கவளத்தைக் குவியலோரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் பீரங்கி வந்தது. முதல் வெடிக்கே காக்காய்கள் கழுவெளி ஏரிப் பக்கம் பறந்தன. ஆனால் பீரங்கி முன்பக்கம் எவ்வளவு தள்ளுமோ, பின்பக்கமும் அவ்வளவு உதைக்கும். உதை வாங்கியது ஈரக் களிமண் வரப்பு. அது உடைந்து, உப்பாக விளையவிருந்த தண்ணீரெல்லாம் பக்கத்துத் தனகோடியின் பாத்திக்குள் ஓடியது. தனகோடி பேசியதை எழுத முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கெல்லாம் காக்காய்கள் திரும்பிவிட்டன.

ராக்கெட் வரப்பை உதைக்காது என்று சொல்லி, ஜான்சன் பத்தையும் சேர்த்துக் கொளுத்தினான். ஒன்பது கடலுக்குப் போயின. ஒன்று மட்டும் காற்றோடு யோசனை செய்து, திரும்பி வந்து கீற்றின் மேல் படுத்துக்கொண்டது. உப்பு எரியாது, கீற்று நன்றாக எரியும். இப்போது காக்காய்களுக்கு உட்கார முழுக் குவியலும் திறந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி டிரைவர் பக்கிரி வந்தார். சாம்பலைச் சுரண்டியெடுத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். உப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காக்காய் ஏறும் குவியலை ஏற்றக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார் என்றார்.

மணிவண்ணன் பீரங்கி, ராக்கெட் கதையையெல்லாம் கொட்டித் தீர்த்தான்.

"எதுக்கும் மசிய மாட்டேங்குதுங்க. முதல்ல சாப்புடலாம் வாங்க."

டப்பாவைத் திறந்தான். ஒரு கவளம் எடுத்துக் குவியலோரம் வைத்தான். வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று உருக்கமாகக் கூப்பிட்டான். வானம் கறுத்து இறங்கியது.

பக்கிரி குவியலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்பா, பீரங்கியும் வாணாம், ராக்கெட்டும் வாணாம். நாளைலேருந்து உங்கப்பாவுக்கு சோத்த வூட்டு மாடில வையி. நான் திங்கக்கெழம வந்து லோடு ஏத்திக்கிறேன்."