தோர்ண்டன் ஹீத்தில் உமது பெயரால் நான் சொன்ன ஓம்

நோர்பரி, லண்டன்
செவ்வாய்க்கிழமை

என் தங்கையின் மூத்த மகனும், லெஸ்டரில் காப்புறுதி வியாபாரம் நடத்தி நாலு பேர் மதிக்க வாழ்பவருமாகிய மருமகன் கீர்த்தனனுக்கு, மாமா வல்லிபுரம் எழுதுவித்துக்கொள்வது. இங்கே நானும் மாமியும் மாத்திரைகளின் தயவில் எழும்பி நடமாடுகிறோம். அங்கே நீரும் மனைவி சயந்தினியும் குறையொன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நேர்ந்துகொள்கிறோம். சனிக்கிழமை தொடக்கம் நீர் என் போனை வெட்டிக்கொண்டிருக்கிறீர். கடிதத்தை வெட்ட ஏலாது. கிழிக்கலாம்தான், ஆனால் வாசிக்காமல் கிழிக்கிற ஆள் நீர் இல்லை. சின்ன வயதிலேயே அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தையும் வாசித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுப்பீர். எனக்கு எழுத்து வராது என்பது நீர் அறிந்தது. நான் சொல்ல மாமி எழுதுகிறா.

முதலில், உமது கோபத்துக்குக் காரணமான அந்த வீடியோ. தோர்ண்டன் ஹீத் மண்டபத்தில் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு "தகப்பன் ஓம் எண்டிட்டார்" என்று உமது சம்மதத்தை அறிவிக்கிற கிழவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் வீடியோ எடுத்தவர் அதற்கு முதல் நடந்ததை எடுக்கவில்லை.

உமது மகள் தாரகாவுக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போன கையோடு அவளை எங்களிடம் அனுப்பினீர். ஈஸ்ட் ஹாமில் உமது கூட்டாளி பரமேஸ்வரனின் கணக்காளர் கந்தோரில் வேலை பழகட்டும், அதற்கிடையில் அவள் தலையில் இருக்கிற மிருதங்கத்தை மெல்ல இறக்கிவிடுங்கோ மாமா என்று பொறுப்புக் கொடுத்தீர். ஏற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை நடக்கப் பழகின உடனே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவர் நீர். அரங்கேற்றத்துக்குப் பாட்டுக்காரரை இந்தியாவிலிருந்து இறக்கினீர், மிருதங்கம் போலவே கேக் செய்வித்தீர், வந்த சனம் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கதைத்த கதையில் பிள்ளை வாசித்தது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அடுத்த கிழமை கேக் மிருதங்கம் வயிற்றுக்குள்ளும் தோல் மிருதங்கம் கூரையடி லொஃப்டுக்குள்ளும் போய்விட்டன. எங்கள் சனத்துக்கு அரங்கேற்றம் என்றால் பிரியாவிடை. எல்லாப் பிள்ளைகளும் மேடையால் இறங்கி நேரே டொக்டருக்குப் படிக்கப் போகிறார்கள். உமது பிள்ளைதான் அதைத் தொடக்கம் என்று பிழையாக விளங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ஏலாது, அது முடிவு என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சரி, நீர் தந்த பொறுப்பை எப்படி நிறைவேற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கூட்டம் என்று தற்செயலாகக் காதில் விழுந்தது. இசைக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் இசையை விடாமல் பிழைப்பதற்கு வேறு என்ன வழி என்று காட்டுகிற கூட்டமாம். அப்படி ஒரு வழியும் இராது, பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்து மனம் திருந்தட்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் கோயிலுக்குப் போய் வந்த வேட்டி சால்வையோடு அப்படியே பஸ் ஏறினேன். அங்கேதான் வினை. லண்டனில் நாங்கள் வைக்கிற எந்தக் கூட்டத்திலும் வேட்டியோடு நேரத்துக்கு வருகிற கிழவன் பிரதம விருந்தினராகத்தான் இருப்பான். மற்றவர்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்கள். அன்றைக்கு ஆரோ ஓய்வுபெற்ற சங்கீதப் பேராசிரியர் வர இருந்தாராம், அவர் எம் இருபத்தைந்து வீதியில் நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். வாசலில் நின்றவர்கள் என் கையைப் பிடித்து முன்வரிசையில் இருத்திப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். பொன்னாடை போர்த்தின பிறகு நான் அவரில்லை என்று எப்படிச் சொல்கிறது? கழற்றி மடித்துக் கொடுக்கிறதா? பிறகு விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தக் கவுன்சில் விடாதாம், ஆகவே பற்றரியில் எரிகிற குத்துவிளக்கு. சுவிச்சைப் போட்டேன். எல்லாரும் எழும்பி நின்று கும்பிட்டார்கள்.

கூட்டத்தை நடத்தினது விதுஷா என்று ஒரு பிள்ளை. முதியோர் இல்லங்களுக்குப் போய், தங்கள் பெயரே மறந்த கிழடுகளுக்குப் பாடிக் காட்டுகிறதுதான் அவளுடைய வேலையாம், சம்பளத்தோடு. பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர் ஒருவர், கொம்பியூட்டர் விளையாட்டுக்கு இசை போடுகிறவர் ஒருவர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு ஆள். நான் உமது சார்பில் விடாமல் விசாரித்தேன். சொந்த வீடு இருக்கோ, பென்சன் வருமோ, கலியாணம் கட்டியாச்சோ என்று கேட்க, விதுஷா சிரிக்காமல் சொன்னாள்:

"வீடு இருக்கு ஐயா, மாப்பிள்ளைதான் இல்லை. உங்களிட்ட ஆரும் இருந்தால் சொல்லுங்கோ."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற தாய்மார் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் கொஞ்ச நேரம் கலியாணப் பேச்சாகவே நடந்தது.

பிறகு என்னை ஆசியுரைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டு சோறு போடாது பிள்ளைகளே என்று தொடங்கத்தான் எழும்பினேன், உம்மேல் ஆணை. வாயைத் திறக்க, மைக் பூனையை மிதித்த மாதிரிக் கத்தியது. மூடினால் நின்றது. திரும்பத் திறக்கத் திரும்பக் கத்தியது. இது புதினமில்லை. லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் எங்கள் கூட்டங்களில் நான் ஒரு பாட்டின் சொல்லையாவது விளங்கிக் கேட்டதில்லை. பக்கத்துத் தெருச் சோமுவின் பெட்டையின் கலியாணத்தில் ஐயர் சொன்ன மந்திரம்கூடக் கூவித்தான் வந்தது. தாரகா மேடையில் ஏறிவந்து என் காதுக்குள் சொன்னாள்:

"தாத்தா, அதை வாயிலயிருந்து எடுங்கோ. ஐஸ்கிறீம் இல்லை."

சொல்லிவிட்டு, ஒலிபெருக்கிக்காரன் ஜெரோசனின் மேசைக்குப் போனாள். அவன் ஒரு பக்கம் திருக, இவள் மற்றப் பக்கம் திருக, இரண்டு பேரும் கொஞ்சம் சண்டை பிடித்தார்கள், ஒரு பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். பிறகு நான் வாயைத் திறந்தேன். மருமகன், என் குரல் மண்டபம் முழுக்கப் போய் மெத்தென்று திரும்பி வந்தது. இந்த வயதில்தான் அதை நான் முதன்முதலாகக் கேட்கிறேன். நல்ல குரல். அந்தக் குரல் வந்த பிறகு, சொல்ல நினைத்து வந்தது எனக்கு மறந்துபோனது. ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறேன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

இறங்கப்போகிற நேரம் ஜெரோசன் கீழே நின்று கேட்டான், இந்தப் பிள்ளைக்கு ஒலி பிடிபடுகிற காது இருக்கிறது, எங்கள் கொம்பனியில் ஒலி வேலை பழகச் சம்பளத்தோடு ஓர் இடம் இருக்கிறது, கிழமையில் ஒரு நாள் கல்லூரிக்கும் விடுவோம், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், வருவாளா என்று. மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் நிலத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் இருந்து ஒரு மனிசி பக்கத்தில் இருந்தவவுக்கு, மேடையில் நின்ற எனக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னா:

"தகப்பன் விடான். லெஸ்டர்ப் பக்கத்து ஆக்கள் வலு பழசு."

என் தங்கையின் மகனை நான் முன்னால் நிற்கையில் பழசு என்கிறதா? எனக்குப் பொறுக்கவில்லை. கையில் மைக் இருந்தது. உமது மானத்தைக் காப்பாற்றத்தான் தகப்பன் ஓம் எண்டிட்டார் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள், உமக்குத்தான்.

பஸ்ஸில் வருகையில் தாரகா, அப்பா எப்ப சொன்னவர் என்று கேட்டாள். நேற்று, நீ குளிக்கப் போன நேரம் என்றேன். ஓகே தாத்தா என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோசத்தில் பேச்சு வரவில்லை, பாவம். இரவு சாப்பிடவும் இல்லை. சந்தோசம் அப்படித்தான் வயிற்றை அடைக்கும்.

ஆகவே மருமகன், இனி இல்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் மனம் என்னாகும் என்று யோசித்துப் பாரும். நீர் லண்டனுக்கு வந்தபோது பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் நின்றீர், பிறகு மீன் கடை, பிறகு மினிகாப் ஓடினீர், கடைசியில் யாரோ பயணி சொன்ன புத்தியில் காப்புறுதிக்குள் விழுந்தீர். அதற்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது? குறுக்கு வழியால் வந்தவர்தான் நீர், நல்லாகவும் வந்திருக்கிறீர். அவள் எங்கள் வீட்டில் இருந்தே வேலைக்குப் போகலாம், அறை இருக்கிறது, மாமி சமைக்கிறா, நான் சாப்பிடுகிறேன். பரமேஸ்வரனிடம் நானே கதைக்கிறேன். கணக்குப் பார்க்க லண்டனில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, எங்கள் கூட்டங்களில் மைக்கைக் கத்தாமல் வைத்திருக்கத்தான் ஆள் இல்லை. நான் சொன்ன பொய்யை மெய்யாக்க உமக்கு ஒரு சொல்தான் வேண்டும்.

உமது வியாபாரம் செழிக்கட்டும், சயந்தினியின் முழங்கால் நோ குறையட்டும், உமது கோபமும் அதோடு சேர்ந்து இறங்கட்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உமது நன்மையையே நினைக்கும் மாமா,
வல்லிபுரம்

பி.கு. தம்பி கீர்த்தனன், இது மாமி கனகாம்பிகை எழுதுவது. இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கூட்டம் தற்செயலாகக் காதில் விழவில்லை. கடையில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கடைக்காரரைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தவர், வரமாட்டேன் என்ற பிள்ளையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனவர். அன்றைக்குக் கோயிலுக்கும் போகவில்லை. ஆரும் அவரை ஆள் மாறிக் கூப்பிடவும் இல்லை, "நான்தான் இண்டைக்குப் பேச வந்த ஆள்" என்று வாசலில் இவரே சொன்னவராம். உண்மையான பேராசிரியர் நேரத்துக்கே வந்து, பின்வரிசையில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டுப் போனாராம். இதெல்லாம் தாரகா எனக்குச் சொன்னது.

நீர் ஓம் சொல்லவில்லை என்பது அவளுக்கு அந்த மண்டபத்திலேயே தெரியும். "அப்பா ஓம் எண்டால் முதலில ஒரு மணித்தியாலம் ஏசிப்போட்டுத்தான் பாட்டி சொல்லுவார்" என்றாள். கிழவனின் முகம் வாடக்கூடாது என்று நம்பினது போல இருக்கிறாள். நேற்று ஜெரோசனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை ஈஸ்ட் ஹாமுக்குப் போகச் சட்டை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறாள். அவருக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த இடத்தை வேறு ஆருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நான் ஜெரோசனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கந்தோரைப் பூட்டிப்போட்டு நேரே இங்கே வாரும். அவளுக்கு முன்னால் இருந்து, ஓம் என்றோ இல்லை என்றோ உமது வாயால் சொல்லும். இல்லை என்றாலும் பரவாயில்லை, உம்மோடு சண்டை பிடிப்பாள். இப்போது அவளுக்குச் சண்டை பிடிக்கவே ஆளில்லை.