பவுல்ராஜ் மாற்றிய கிளட்ச் ஆயில்

கல்யாணமான நாளிலிருந்து ஜெயிக்காத ஒருவர், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தார். அவர் பெயர் பவுல்ராஜ். திண்டுக்கல்லில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் வேலை. யார் தாமதமாக வந்தாலும் முறைத்துப் பார்ப்பதுதான் உத்தியோகம். வீட்டில் அந்த உத்தியோகத்தை அவர் மனைவி அமலராணி பார்த்தாள்.

பவுல்ராஜுக்குப் பெரிய முடிவுகள் புதிதல்ல. ஆனால் அவர் எடுக்கும் பெரிய முடிவு அமலராணியின் காதுக்குப் போனதும் சின்ன முடிவாகிவிடும். மறுநாள் காப்பி ஆறுவதற்குள் இருந்த இடம் தெரியாது. அதனால் இந்தத் தடவை அவள் காதுக்கே போகவிடாமல் ஜெயிப்பது என்று வைத்துக்கொண்டார்.

சங்கதி இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் மச்சான் மரியராஜின் மகள் வினோலியாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விழா. பூசை, போட்டோ, பந்தி என்று நாள் முழுக்க இழுக்கும். அதே ஞாயிற்றுக்கிழமை, தாடிக்கொம்பில் மில் சிநேகிதர் முத்துச்சாமியின் தோப்பில் கிடாக்கறி. சீட்டுக்கட்டு உண்டு. மச்சான் கிடையாது.

மச்சான் கெட்டவர் இல்லை. அவரிடம் ஒரு அம்பாசிடர் கார் இருந்தது, அதுதான் கேடு. பவுல்ராஜின் புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நின்று, "வாங்க மாப்ள! நெல்லு மில்லு ஓடுற சத்தம் கேட்டுச்சு. சரி, தங்கச்சி வந்துருச்சுன்னு எல போடச் சொல்லிட்டேன்" என்பார். பந்தியில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் காரைச் சுற்றிக் காட்டுவார். போன தடவை பார்த்த அதே காரைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பவுல்ராஜுக்கு அது தாங்காது.

பிள்ளைகள் லீவுக்கு ஏற்கனவே நிலக்கோட்டை போயாயிற்று. பாக்கி இவர்கள் இரண்டு பேர். புல்லட் மட்டும் படுத்துவிட்டால் அமலராணி பஸ்ஸில் போய்விடுவாள். திங்கள்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும், அதனால் ரிப்பேர் பார்க்கிறேன் என்று இவர் தங்கிவிடலாம். அவள் போனதும் முத்துச்சாமி ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஆனால் அந்தப் புல்லட் படுக்காதே! கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த வண்டி. அதற்கு முன் பல வருடம் நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மூட்டை ஏற்றித் திண்டுக்கல்லுக்கு ஓடிய வண்டி. சீட்டைக் கழற்றினால் இன்றைக்கும் பூ நார் கிடைக்கும்.

"கிளட்ச் ஆயில் மாத்துங்க, மாத்துங்க" என்று அமலராணி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் அதற்காகத்தான் பவுல்ராஜ் பேகம்பூரில் மெக்கானிக் அப்துல் வாஹித்திடம் போனார். நல்ல எண்ணத்தோடுதான் போனார் என்பதை அவர் சார்பில் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

"பாய், கிளட்ச் கேஸுக்கு ஆயில் குடுங்க. நல்லதாவே குடுங்க. இந்தக் காருக்கு ஊத்துறாங்களே, புதுசா, வழவழன்னு, அது இருக்கா?"

வாஹித் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சார், அத வேணா என் தலையில ஊத்துங்க. புல்லட்ல ஊத்திராதீங்க."

"ஏன் பாய், வெல கூடுன சரக்குல்ல?"

"வெலையில என்ன சார் இருக்கு? கார்ல கிளட்ச் தட்டு காஞ்சு கெடக்கும், ஆயில் அதத் தொடாது. புல்லட்ல தட்டு பூரா எண்ணெயில முங்கிக் கெடக்கு. தட்டும் தட்டும் ஒண்ணயொண்ணு கவ்வுனாத்தான் வண்டி நகரும். புதுக் கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னே மருந்து கலக்குறான். கவ்வவிடாது. எஞ்சின் கத்தும், வண்டி நின்ன எடத்துலயே நிக்கும்."

பவுல்ராஜின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"வண்டி கெட்டுப்போகுமோ?"

"ஒடனே வடிச்சு, தட்டக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவிட்டா ஒண்ணும் ஆகாது. என்ன, ஒரு நாப் பொழுது போயிரும்."

"ஒரு நாப் பொழுதா? முழுசாவா?"

"முழுசா சார்."

"ஊத்துன ஒடனே வழுக்குமா, இல்ல ஊறணுமா?"

"ராத்திரி பூரா ஊறுனா நல்லாவே வழுக்கும். எதுக்கு சார் கேக்குறீங்க?"

"சும்மா பாய். ஒரு பொது அறிவுக்கு."

வாஹித்திடம் சரியான ஆயில் பாட்டில் ஒன்று வாங்கினார். அது மனைவிக்குக் காட்ட. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், தெரியாத கடையில், கார் ஆயில் வாங்கினார். அது புல்லட்டுக்கு. கார் ஆயில் பெரிய டப்பாவில்தான் வந்தது. அரை லிட்டர் துரோகத்துக்கு அவ்வளவு பெரிய டப்பா தேவையில்லைதான், ஆனால் பிரித்துத் தரமாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது அமலராணி தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பவுல்ராஜ் மளமளவென்று காரியத்தில் இறங்கினார். நல்ல ஆயிலைக் காலி மண்ணெண்ணெய் கேனில் கொட்டினார். அந்தப் பாட்டிலில் கார் ஆயிலை நிரப்பினார். டப்பாவைப் பரணில் ஏற்றி, கிறிஸ்மஸ் குடில் சாமான் வைத்திருக்கும் பெட்டிக்குள் தள்ளினார். டிசம்பர் வரைக்கும் அதை யாரும் தொடப்போவதில்லை. கீழே இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். ஒரு சூழ்ச்சிக்காரன் தெரிந்தான். அவருக்கே அவரைப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அமலராணியை வாசலுக்குக் கூப்பிட்டு, சாட்சி வைத்துக்கொண்டு ஆயில் மாற்றினார்.

"பாத்துக்க ராணி. நீ சொன்னது, நான் செய்யுறேன். அப்புறம் செய்யலன்னு சொல்லப்படாது."

"நான் ஏங்க சொல்லப்போறேன்? இருங்க, புனல் எடுத்துட்டு வாரேன்."

உள்ளே போய் அடுப்படிப் புனலை எடுத்துவந்து கொடுத்தாள். அந்தப் புனலை அவள் பக்கத்து வீட்டுக்குக் கூடக் கொடுத்ததில்லை. பவுல்ராஜுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவரோ, பாவம், அடுத்த நாள் கறியில் ஈரல் வருமா வராதா என்ற யோசனையில் இருந்தார். பழைய ஆயிலை வடித்தார். பாட்டிலைக் கவிழ்த்தார். அவருக்கு எல்லா எண்ணெயும் எண்ணெய்தான். கருப்பாக இல்லாதது புதுசு, அவ்வளவுதான் அவர் படிப்பு.

"சிந்தாம ஊத்துங்க. நல்ல ஆயிலு" என்றாள் அமலராணி.

"நல்ல ஆயில்னா அம்புட்டு நல்ல ஆயிலு!" என்றார் பவுல்ராஜ். சிரிப்பை அடக்க அவர் இருமவேண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அமலராணி பட்டுச்சேலை கட்டி, கையில் கனமான பையோடு வாசலில் வந்து நின்றாள். பவுல்ராஜ் புல்லட்டை உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. உடனே முகத்தைச் சுளித்தார்.

"ராணி, கிளட்ச் ஏதோ சரியில்ல போலருக்கே."

"இன்னும் கியரே போடலயே. அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சது?"

"சத்தத்துலயே தெரியும். ஓட்டுறவனுக்குத் தெரியாதா? வண்டி இன்னைக்கு நகராது."

எதிர் வீட்டுப் புஷ்பமேரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மாடி கட்டுவதற்காக அவள் வீட்டு முன்னால் ஆற்று மணல் குவித்திருந்தார்கள். சாட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பவுல்ராஜ் குரல் கொடுத்தார்.

"புஷ்பமேரிக்கா! செத்த இங்க பாருங்க! நான் எம்புட்டு முறுக்குனாலும் வண்டி நகராது. அப்புறம் நான் வேணும்னே போகலன்னு எங்க மச்சான் வீட்டுல சொல்லிரப்படாது. நல்லாப் பாத்துக்கங்க!"

"பாக்குறேன் தம்பி" என்று புஷ்பமேரி வாளியைக் கீழே வைத்தாள்.

பவுல்ராஜ் கியரைப் போட்டார். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினார். தெருவே அதிர்ந்தது. அமலராணி பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். அவள் எதற்குத் தள்ளி நிற்கிறாள் என்று பவுல்ராஜ் யோசிக்கவில்லை. யோசிக்கிறவராக இருந்தால் இந்தக் கதையே கிடையாது. கிளட்ச் பிடியை மெதுவாக விடுவதற்குப் பதில், விரலை விரித்துக் காட்டி, மந்திரவாதி மாதிரி ஒரேயடியாக விட்டார்.

தட்டுகள் கவ்வின. அப்படி ஒரு கவ்வல் அந்தப் புல்லட் மல்லிகை சுமந்த காலத்தில்கூடக் கவ்வியிருக்காது. முன் சக்கரம் மேலே போனது. பவுல்ராஜின் செருப்பு ஒன்று வாசலிலேயே தங்கிவிட்டது. வாளி ஒரு பக்கம், புஷ்பமேரி ஒரு பக்கம் என்று விலக, வண்டி தெருவை ஒரே தாவலாகத் தாவி மணல் குவியலுக்குள் முகம் புதைத்து நின்றது. அதற்கு மேலே பவுல்ராஜ், அவருக்கு மேலே கொஞ்சம் மணல்.

"ஏந் தம்பி, நகராதுன்னீங்க?" என்றாள் புஷ்பமேரி.

"நகருதுக்கா" என்றார் பவுல்ராஜ், மணலைத் துப்பிவிட்டு.

அந்த நேரம் பார்த்து முத்துச்சாமியின் ஜீப் தெருவுக்குள் வந்து நின்றது. முத்துச்சாமி தலையை வெளியே நீட்டினார்.

"ஏப்பு, கெளம்பலாமா? வண்டி ஓடலதான?"

பவுல்ராஜ் மனைவியைப் பார்த்தார். அமலராணி அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இல்லப்பு" என்றார் பவுல்ராஜ். "ஓடுது."

ஜீப் கிடாக்கறியை நோக்கிப் போயிற்று. புல்லட் நிலக்கோட்டையை நோக்கிப் போயிற்று. சட்டைக்குள் மணல் உறுத்த, பவுல்ராஜ் செம்பட்டி வரைக்கும் ஓட்டினார். வாஹித் பாய் பொய் சொல்லிவிட்டாரா, கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டானா என்று மனசுக்குள் ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே வந்தார். செம்பட்டியில் டீக்கு நிறுத்தினார். அமலராணி டீயை ஆற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"எங்கப்பா ஒரு தடவ யாரோ சொன்னாங்கன்னு இந்த வண்டிக்குக் கார் ஆயில ஊத்திட்டாருங்க. இதே செம்பட்டிக்கு இங்கிட்டு, பூ மூட்டையோட நின்னுருச்சு. எஞ்சின் கத்துது, வண்டி நகரல. மல்லி பூரா ரோட்டுலயே பூத்துப்போச்சு. நானும் அப்பாவும்தான் தட்டக் கழட்டிக் கழுவுனோம். அப்ப எனக்குத் தாவணி போட்ட வயசு. கை கருப்புப் போக ஒரு வாரம் ஆச்சு."

பவுல்ராஜின் தம்ளர் உதட்டுக்குப் போகிற வழியில் நின்றது.

"உனக்கு... தட்டக் கழட்டத் தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடியே எனக்கு இந்த வண்டியத் தெரியும்ங்க."

அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கல்யாணத்தன்றே தெரியும். வண்டி தன் பெயருக்கு மாறியதும், அதைப் பற்றிய அறிவும் தன் பெயருக்கு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம கூட்டம் முடிஞ்சு வாரேன். மே மாசத்துல பரண்ல தூசி கலைஞ்சு கெடக்கு. ஏறிப் பாத்தா, குடில் பெட்டிக்குள்ள மூணு ராசா பொம்மைக்குப் பின்னால கார் படம் போட்ட டப்பா நிக்குது. மூணு ராசாவும் ஒட்டகத்துலதானங்க வந்தாங்க?"

பவுல்ராஜ் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"பாட்டில மோந்து பாத்தேன். வெளங்கிருச்சு. கார் ஆயிலத் திரும்ப டப்பாவுல ஊத்திட்டு, கேன்ல இருந்த நல்ல ஆயிலப் பாட்டில்ல ஊத்தி வச்சேன். எப்படியோ, மூணு மாசமாச் சொன்ன வேலைய நீங்களே ஒங்க கையால செஞ்சுட்டீங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவிலும் பவுல்ராஜுக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை வருடம் இப்படிப்பட்ட ஆளிடமா மோதிக்கொண்டிருந்தோம் என்று, தோற்றதில்கூட ஒரு பெருமை வந்தது. டீக்குப் பிறகு கிளட்ச் பூப்போலப் பிடித்தது. அதைக் கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை.

நிலக்கோட்டையில் மச்சான் வாசலில் நின்றார். "வாங்க மாப்ள! நெல்லு மில்லு..." என்று ஆரம்பித்தவர், மணல் அப்பிய தலையைப் பார்த்து நிறுத்தினார். அமலராணி அவரை முந்திக்கொண்டாள். பையைப் பிரித்து, கார் படம் போட்ட டப்பாவை எடுத்து, பந்தியே பார்க்க அண்ணன் கையில் கொடுத்தாள்.

"ஒங்க மாப்ள ஒங்க காருக்குன்னு தேடி வாங்குனதுண்ணே. மூடி தெறந்திருக்கேன்னு பாக்காதீங்க. நல்ல ஆயிலான்னு தொட்டுப் பாத்துத்தான் வாங்குனாரு."

மரியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவைக் கீழே வைக்காமலே பவுல்ராஜைக் கட்டிப்பிடித்தார்.

"இம்புட்டு வெல கூடுன ஆயிலா! மாப்ள, ஒங்களப் போயி அம்புட்டுக் கிண்டல் பண்ணிட்டேனே! இத நீங்கதான் ஒங்க கையால கார்ல ஊத்தி வைக்கணும். வார ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துருங்க. நாள் பூரா இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வார ஞாயிற்றுக்கிழமை! தோப்பில் இன்னொரு கிடா இருக்கிறது என்று முத்துச்சாமி சொல்லியிருந்தார். ஏதாவது ஒரு காரணம் கிடைக்குமா என்று பவுல்ராஜ் நாலாபுறமும் தேடினார். கடைசியில் அவர் கண், பழக்கதோஷத்தில், வேப்பமரத்தடியில் நின்ற புல்லட்டின் மேல் போய் நின்றது. அமலராணியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டிப்பா வருவாருண்ணே" என்றாள். "கிளட்ச் ஆயில் மாத்தியாச்சு. இனி இந்த வருசம் பூரா வண்டிக்கு ஒண்ணும் வராது."