வெடிவாயனுக்கு ஒரு பிழைதிருத்துநர்

தொண்டை கிழியக் கத்தும் ரசிகர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களால் ஆபத்தில்லை, தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது 'ஆனாலும்' ரசிகரைப் பற்றி. "ஆள் சுத்த மோசம், வாயைத் திறந்தா சாக்கடை, நடத்தையும் சரியில்லை" என்று அடுக்கிக்கொண்டே போய், ஒரு பெருமூச்சு விட்டு, "ஆனாலும்..." என்று நிறுத்துவாரே, அவர்தான். அந்த ஒரு சொல்லுக்குள் முந்நூறு பாட்டு ஒளிந்திருக்கும்.

நம் பிழைதிருத்துநர் அந்த இனத்தில் முதல் தரம். பாடப்புத்தகம் போடும் பதிப்பகத்தில் முப்பத்தோரு வருடமாக ஒற்றெழுத்துகளைத் துரத்திக்கொண்டிருப்பவர். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் விடாமல் போடுபவர். லிஃப்டில் 'தயவுசெய்துக் கதவை மூடவும்' என்றிருந்த அறிவிப்பில் வேண்டாத 'க்'கைச் சொந்தப் பேனாவால் அடித்துவிட்டு, அன்று முழுவதும் நிம்மதியாக இருந்தவர்.

இவர் யாருக்கு ரசிகர்? வெடிவாயனுக்கு. ஆமாம், அந்த ராப் பாடகனுக்குத்தான். ஊரைத் திட்டி, நீதிபதியைத் திட்டி, தன் முன்னாள் மனைவியைப் பெயர் சொல்லித் திட்டி, அதற்கு மன்னிப்புக் கேட்டு, கேட்ட மன்னிப்பையும் திட்டி அடுத்த பாட்டை வெளியிட்டவனுக்கு.

சிக்கியது இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் வேடிக்கைக்காக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். தமிழ் எப்படிச் சீரழிகிறது பார்ப்போம் என்று இவர் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். ஓர் எதுகைகூடத் தப்பவில்லை. சந்தேகம் தீர இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை எதற்குக் கேட்டார் என்பதற்கு அவரிடமே பதில் கிடையாது.

அன்றிலிருந்து மாலை நடைக்குக் காதில் இயர்போன். இலக்கியச் சொற்பொழிவு கேட்கிறார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். சொற்பொழிவு கேட்பவர் எதற்காக ஓட்டமும் நடையுமாகப் போகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. முழங்கால் தைலம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் வெடிவாயன் பாட வருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். குடியிருப்போர் சங்கம் கொதித்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். மனு எழுதும் பொறுப்பைச் சட்டம் படிக்கும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் வேறு யாருமில்லை, பிழைதிருத்துநரின் ஒரே மகள். நம்மவரிடமோ முதல் வரிசைக்கு ஒரு டிக்கெட் இருந்தது. வீட்டில் வேறு யாரும் தொடாத இடமான அகராதிக்குள் அதைச் செருகிவைத்திருந்தார்.

கூட்டத்தில் மகள் எழுந்து, ஏழு பாட்டுகளிலிருந்து வரிகளைக் காட்டியிருந்த மனுவைப் படித்தாள். வேறொரு பகுதிக்காரர்கள் கொடுத்த மனுவை, அதில் காட்டிய வரிகள் பாட்டிலேயே இல்லை என்று, நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி தள்ளிவிட்டாராம். அதனால் வரிகள் சரியாக இருக்கின்றனவா என்று எல்லோரும் கவனிக்க வேண்டும் என்றாள். பிறகு முதல் வரியை வாசித்தாள்: "நீதிபதி பேனாவை உடைப்பேன்."

பிழைதிருத்துநர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருடப் பழக்கம், விடுமா?

"உடைப்பேன் இல்லம்மா. ஒடிப்பேன். இல்லேன்னா அடுத்த வரியில 'முடிப்பேன்' எப்படி நிக்கும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்குமா இல்லையா என்று காட்டுவதற்காக அடுத்த வரியைச் சொன்னார். அது தனியாகத் தொங்கக் கூடாதே என்று அதற்கடுத்ததைச் சொன்னார். எட்டாவது வரியில், மூச்சு விடும் இடம்கூடப் பிசகாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது அறையில் மின்விசிறி மட்டும் அசைந்தது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பல் டாக்டர் மெல்ல விசாரித்தார். பிழைதிருத்துபவன் எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும் என்றார் இவர். மகள் பேனாவை எடுத்தாள். உடைப்பேனை அடித்து, ஒடிப்பேன் என்று எழுதினாள். பிறகு தாளை அவரிடம் நீட்டினாள்.

"மிச்ச ஆறு பாட்டையும் பாத்துக் குடுத்துடுங்கப்பா."

பார்த்துக் கொடுத்தார். பார்க்காமலே கொடுத்தார் என்பதுதான் சரி.

வீட்டுக்கு வந்ததும் மகள் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் பொம்பளைங்களப் பத்திப் பேசுறது உங்க காதுல விழலையாப்பா?"

"விழுதும்மா. அந்த எடம் வந்தா சத்தத்தைக் குறைச்சுடுவேன்."

"அந்த எடம் எவ்வளவு நேரம் வரும்?"

தப்பான தகவலை அச்சுக்கு விட்டுப் பழக்கமில்லாதவர். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூணு நிமிஷப் பாட்டுல ரெண்டரை நிமிஷம்" என்றார்.

மகள் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெடிவாயனின் முன்னாள் மனைவியின் பெயருக்கு எந்தெந்தச் சொல் எதுகையாக வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பெண் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மனுவை இழுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். மகள் எழுந்து போகும்போது அவர் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாள்.

அதிகாரி ஒவ்வொரு வரியாகப் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. நிகழ்ச்சி ரத்தானது. இப்படிப் பிழையில்லாத மனுவைத் தன் பதவிக்காலத்தில் பார்த்ததில்லை என்று அவர் சொன்னதாகப் பல் டாக்டர் வந்து சொன்னபோது, நம்மவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது; அடுத்த நொடியே அகராதிக்குள் இருக்கும் டிக்கெட் நினைவுக்கு வந்தது.

இயர்போனை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். நாலாவது வாரம் வெடிவாயன் புதுப் பாட்டு விட்டான். அதில் இலக்கணப் பிழை இருப்பதாக யாரோ சொல்ல, அது எங்கே என்று பார்த்துவிடலாமே என்று இழுப்பறையைத் திறந்தார். பிழை பார்க்கத்தான். வேறெதற்கு?

நீங்கள் அந்த மகளின் பக்கம் நின்றுதான் இதைப் படித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். நியாயமானவர் நீங்கள். எங்கே, உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கடைசியாக எதைக் கேட்டீர்கள் என்று உங்கள் கைபேசியில் பார்க்கச் சொல்லுங்களேன். அட, அதை ஏன் கவிழ்த்து வைக்கிறீர்கள்?