சுத்தத் தண்ணீரில் பாதரசம்

காய்ச்சி வடித்த தண்ணீரிலும் பாதரசம் இருப்பதாகச் சோதனை சொன்னது.

“டுஃபி, இதுவும் அணைஞ்சுபோச்சும்மா!” என்றார் ஆய்வகப் பொறுப்பாளர் பெடியாக்கோ.

“கத்தாதீங்க சார், வெளியே கேட்கும்.”

வாழைக்காய்த் தோலைக் கரியாக்கி டுஃபி செய்த கரைசல், புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். இம்மியளவு பாதரசம் பட்டாலும் அணைந்துவிடும். பாதரசம் விட்டுத் தங்கம் அரிக்கும் ஆற்றோர ஊர்களுக்காக மூன்று ஆண்டு உழைத்திருந்தாள். சோதனைக் குழாயில் தண்ணீரும் கரைசலும் விட்டு, கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்கினால் போதும். பதினோரு மணிக்கு தலைநகர் அக்ராவிலிருந்து நிதி தரும் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டாவிட்டால் திட்டம் இன்றோடு மூடல்.

துறைத்தலைவர் டாக்டர் அம்பொன்சா காலையில் மூன்றாம் முறையாக உள்ளே வந்தார். முகம் விளக்கிய பாத்திரம்போல மினுங்கியது.

“என்ன, எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி நிக்கிறீங்க? தைரியம், தைரியம்!” ஒவ்வொருவர் கையையும் இறுகப் பற்றிக் குலுக்கி, பிரியும்போது ஊர் வழக்கப்படி விரலோடு விரல் சேர்த்துச் சொடக்குப் போட்டார்.

சுவரில் அவருடைய பிரசாரச் சுவரொட்டி: ‘வெளுக்கும் க்ரீமில் பாதரசம்! உங்கள் நிறமே அழகு!’ அதிலிருந்த தம் முகத்தை அச்சகத்தான் கறுப்படித்துவிட்டான் என்று அவருக்கு நெடுநாள் குறை.

குழாய்களைக் கழுவினார்கள். டாக்டர் வந்து ஊக்கம் தந்தார். இருட்டு.

கரைசலைப் புதிதாகக் கலக்கினார்கள். டாக்டர் வந்து ஊக்கம் தந்தார். இருட்டு.

வாசலில் தலைச்சுமையாகத் தண்ணீர் விற்கும் மாமே அட்டாவிடம் ஒரு பாக்கெட் வாங்கிவந்து பார்த்தார்கள். அதுவும் இருட்டு.

“ஐயோ, பாக்கெட் தண்ணியிலயுமா!” என்று பெடியாக்கோ வராந்தாவில் அலறினார். ஐந்தே நிமிடத்தில் வளாகம் முழுவதும் தாகத்தோடு துப்பிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழு வந்தது. டாக்டர் ஒருவர் விடாமல் கைகுலுக்கிச் சொடக்குப் போட்டு வரவேற்றார். குழுத்தலைவி, தாம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் தாமே குழாயில் ஊற்றிக் குலுக்கினார்.

இருட்டு.

“அப்போ நான் செத்திருக்கணும்! உங்க கருவிக்கு உலகத்துல எல்லாமே விஷம்தானா?” என்று திட்டத்தின் கோப்பை மூடினார்.

“யாரு அது, என் தண்ணியில விஷம்னது?”

கதவை இடித்துக்கொண்டு மாமே அட்டா நுழைந்தாள்.

“வாங்க, வாங்க,” என்று டாக்டர் கை நீட்டினார். தலைச்சுமையோடு கை வீசி நடக்கிறவள், அன்று இரண்டு கையாலும் தலையிலிருந்த தண்ணீர்ப் பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

“மரியாதை தெரியாத பொம்பளை,” என்று பெடியாக்கோ முணுமுணுத்தார்.

பேசினை இறக்கினாள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் குழாயில் பீய்ச்சினாள்.

“எப்படிப்பா செய்யணும்?”

“கரைசலை விட்டு, கட்டைவிரலால மூடிக் குலுக்குங்க,” என்றாள் டுஃபி, உயிரில்லாத குரலில்.

குலுக்கினாள். விளக்கின் கீழ் குழாய் நீலமாக ஜொலித்தது.

குழுத்தலைவி மூடிய கோப்பைத் திறந்தார்.

“அதே தண்ணி, அதே கரைசல். உங்க கையில மட்டும் அப்படி என்னம்மா அதிசயம்?”

“அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க டாக்டருக்குக் கை கொடுக்காதவ நான் ஒருத்திதான். மாசாமாசம் அவருக்கு அந்த வெளுக்குற க்ரீமை விக்கிறவளே நான்தானேம்மா!”