என் மறைவு குறித்து ஒரு திருத்தம்

ஹோல்கம் கிராமம், டார்செட்
வியாழன், 12 மார்ச் 1931

திருச்சபை மாத இதழின் ஆசிரியை, மதிப்பிற்குரிய மிஸ் கண்ட்ரி அவர்களுக்கு, ஆம்ப்ரோஸ் பிட்ஃபீல்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் கணுக்கால் சுளுக்கு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் மறைவுக்கு வருந்தி என் மனைவி ஹெஸ்டருக்குத் தாங்கள் எழுதிய கடிதம் இன்று காலைத் தபாலில் கிடைத்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். 'அந்த மனிதரோடு நாற்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய உன் பொறுமையை ஊரே மெச்சும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் செத்தது நான் இல்லை. என் மரணச் செய்தி அச்சான நாலாம் பக்கத்தையும் உறைக்குள் வைத்திருக்கிறீர்கள். அடுத்த இதழில் தயவுசெய்து திருத்தம் போடவும்.

தவறு தங்களுடையதல்ல, கோயில் மணியடிக்கும் ஜோப் டஃபினுடையது. பெண் இறந்தால் இரண்டிரண்டாக மூன்று தடவை, ஆண் இறந்தால் மும்மூன்றாக மூன்று தடவை, அப்புறம் வயசுக்கு ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பாதிரியார் ஒழுங்காகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார், செவ்வாய்க்கிழமை காலையில் இவன் மும்மூன்றாக அடித்துவிட்டான். வயசை எண்ணியாவது ஊர் கண்டுபிடித்திருக்கும், ஆனால் ஹெஸ்டருக்கும் எனக்கும் ஒரே வயசு, அறுபத்தெட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்த தாங்களும் எண்ணியிருக்கிறீர்கள். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டால், தொப்பியைப் பிசைந்துகொண்டு, "கோவிச்சுக்காதீங்க ஐயா, எட்டு வருஷமா இருமிக்கிட்டே கெடக்கீங்க, அடுத்தது உங்களுக்குத்தான்னு மனசுல வச்சிருந்தேன், கை பாட்டுக்கு அடிச்சிடுச்சு, அந்தம்மா முந்திக்குவாங்கன்னு யாரு கண்டா?" என்கிறான். அவனை என்னத்தைச் சொல்ல? நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். என் கோட்டை யாருக்குக் கொடுப்பது, செருப்பை யாருக்குக் கொடுப்பது என்றுகூட அவளிடம் சொல்லி வச்சிருந்தேன். அவளுடையதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுக்கலை.

மணி ஓய்ஞ்ச அரை மணியில் மிஸஸ் லெக் கறுப்புக் கையுறையும் சோம்புக் கேக்குமாக வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். "ஐயோ கடவுளே! நீங்க உயிரோடவா இருக்கீங்க?" என்று அலறினாள். "மன்னிச்சுக்குங்க மிஸஸ் லெக்" என்றேன். வேறென்ன சொல்ல? உடனே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹெஸ்டர் எங்க? கூப்பிடுங்க. அவளை அரை மணி நேரம் விதவையாக்கிட்டோமே!" என்றாள். போனது அவள்தான் என்று சொன்னேன். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இதே மாதிரி நாலு பேர், நாலு கேக். ஒவ்வொருத்தருக்கும் நான் பிழைச்சிருக்கிற சந்தோஷத்தைக் கொடுத்து உடனே பிடுங்க வேண்டியிருந்தது. ஐந்தாவதாக வந்தது கண் மங்கின மிஸஸ் ஹான்ஸ்ஃபோர்ட். என்னை என் தம்பி என்று நினைத்துக்கொண்டு, "உன் அண்ணி எப்படித் தாங்கிக்கிறா?" என்று கேட்டாள். "ஏதோ தாங்கிக்கிறா. மாடியில படுத்திருக்கா" என்றேன். பாதி பொய், பாதி நிஜம். அந்தம்மா தலையாட்டிக்கொண்டே போனாள். அவள் தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் ஒருத்தருக்காவது ஹெஸ்டர் உயிரோடு இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

கடிதத்தின் கடைசியில், 'துக்கத்தில் கேட்பது தப்புதான், ஆனால் ஏப்ரல் மாதச் சொல்?' என்று அவளைக் கேட்டிருக்கிறீர்கள். தங்கள் இதழுக்கு மாதம் ஒரு சொல் எழுதுகிறேன் என்று பாட்டையும் ஓசையையும் பற்றிய பழைய சொற்களைக் கிளறிக்கொண்டே இருந்தாளே, எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் அதுதான். டிட்டி என்கிற சின்னப் பாட்டுக்கு மூலம் லத்தீனில் 'ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியது' என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, நான் சவரம் செய்துகொண்டு பாடினால், "சொன்னதை மட்டும் பாடுங்க, சொந்தச் சரக்கு வேண்டாம்" என்பாள். கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற கேரல் என்றால் ஆதியில் கைகோத்து வட்டமாக ஆடுகிற ஆட்டம் என்று பாதிரியாரிடமே சொல்லப்போக, மனுஷன் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். இப்போது மேஜையில் பாதிச் சீட்டு ஒன்று கிடக்கிறது: 'டர்ஜ். சாவுப் பாட்டு. இறந்தவர்களுக்கான லத்தீன் ஜெபத்தின் முதல் சொல், வழிநடத்தும் என்பது. அதைப் பாடிப் பாடித் தேய்ந்து'. அவ்வளவுதான். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது என்னிடம் முழுசாகச் சொன்னாள். நான் 'ம்' போட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு தின்றேன். ஒரு சொல்கூட ஞாபகமில்லை. ஐயோ மிஸ் கண்ட்ரி, காது கொடுத்துக் கேட்டிருக்கலாமே! சீட்டை இருக்கிறபடியே அனுப்புகிறேன்.

அடக்கம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. மறுபடி சரியாக அடிக்கிறேன் என்கிறான் ஜோப், வேண்டாம் என்றுவிட்டேன். தங்களுக்கும் தங்கள் தங்கைக்கும் கடவுள் நீண்ட ஆயுள் தரட்டும். திருத்தத்தை மறக்க வேண்டாம்.

தங்கள் பணிவுள்ள,
ஆ. பிட்ஃபீல்ட்

பின்குறிப்பு: திருத்தம் போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் நாலாம் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். என்னைப் பற்றி நாலு வரி எழுதி, கடைசியில் 'அவருக்கு ஹெஸ்டர் என்ற மனைவி உள்ளார்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.