வெங்காயக் கலர் வீடு

"வெளிச்சுவருக்குக் கலர் நீங்களே எடுங்க. தப்பாப் போச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுலயே இருந்துக்கறேன்!"

குண்டடத்திலிருந்து மனைவி தேவிப்பிரியா போனில் இப்படிச் சொன்னதும் செல்வக்குமார் கையிலிருந்த கலர் அட்டையை ஓரமாகத் தூக்கி வைத்தான். பனியன் கம்பெனியில் துணிக்குச் சாயம் சரியா என்று பார்த்து ஓகே சொல்கிறவன் அவன். அட்டையையெல்லாம் நம்புவானா? துணியில் ஒரு துண்டு வெட்டிச் சாம்பிள் கொடுத்தால்தான் அவனுக்கு மனசு ஆறும்.

பீரோவைத் திறந்தான். மஞ்சப்பைக்குள் வெங்காயக் கலரில் ஒரு பட்டுச்சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்றால் இந்தக் கலர்தான் அவளுக்கு உயிர் என்று முடிவுகட்டி, இடுப்பில் செருகும் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கினான்.

பெயிண்ட் கடையில் மெஷினில் வைத்து அதே கலரைக் கலக்கிக் கொடுத்தார்கள். சொரசொரப்பான சுவரில் அடித்ததும் கத்தரிக்காயாக இருண்டுவிட்டது.

"துண்டு சின்னது அண்ணாச்சி. பெருசா கொண்டாங்க," என்றான் தூத்துக்குடிக்காரப் பெயிண்டர் மாரிச்செல்வம்.

கைக்குட்டை அளவு வெட்டிக் கொடுத்தான். இப்போது சுவர் நீர்மோராக வெளுத்தது. வெட்டிய இடம் கோணலாகத் தெரியவே, நேராக்குகிறேன் பேர்வழி என்று இன்னொரு முழத்தையும் வெட்டித் தொலைத்தான்.

மூன்றாவது கலவையை அடித்து முடித்ததும் மாரிச்செல்வம், "முழுச் சேலையையும் பக்கத்துல பிடிச்சுப் பாத்துருவோமே?" என்றான். சாரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். காற்று ஒரு தூக்குத் தூக்க, சேலை ஈரச் சுவரில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"அய்யய்யோ! போச்சு, போச்சு!"

"பதறாதீய. சேலை எது, சுவரு எதுன்னு தெரியுதா பாருங்க. கலர் அச்சா அமைஞ்சிருச்சு!"

பிய்த்து எடுத்ததை மோட்டார் ரூமில் ஒளித்துவைத்தான்.

சாயங்காலம் தேவிப்பிரியா வந்து இறங்கி, வீட்டை அண்ணாந்து பார்த்தாள். அவன் மோட்டார் ரூம் கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, நெசமா நீங்களா எடுத்தீங்க? கண்ணு பட்டுருமுங்க!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறொரு சேலை எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று தெம்பானபோது, எதிர்வீட்டு மயிலாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஊடு ஜம்முனு இருக்குது கண்ணு. சரி, அந்தப் பட்டுச்சேலையக் குடு. மாப்பிள்ளை ஊட்டுல எடுத்துக் குடுத்தது, நாளைக்கு நிச்சயத்துக்கு எம்புள்ள கட்டோணும். எங்கூட்டு உள்ளார பெயிண்டு அடிக்கறாங்க, சேலை பாழாப் போயிருமுன்னுதான உன்ற பீரோவுல வெக்கச் சொன்னேன்!"